பெயருக்குக் கீழே ஒரு வரி

தெராசே
1947 ஜனவரி 19

அப்பாவுக்கு,

புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய அட்டை வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். அப்படியே நாள் போய்விட்டது.

இங்கே பனி ஜன்னலின் பாதிவரை இருக்கிறது. மில் ஓடுகிறது. போரின்போது பாராசூட்டுக்குப் பட்டு நூல் எடுத்த அதே தொட்டிகளில் இப்போது அமெரிக்காவுக்குப் போகும் நூலை எடுக்கிறோம். வெந்நீரில் பட்டுக்கூடுகள் மிதக்கின்றன. இழை நுனியைப் பிடித்து இழுக்கிறோம். அங்கே போய் என்னவாகும் என்பது நூலுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

விஷயம் அண்ணனின் பெட்டி பற்றியது. கோயில் பிக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, பக்கத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் எத்தனை நாள்மா இப்படி அலமாரியிலேயே வெச்சிருப்ப? போர்ல செத்த மத்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாரையும் அடக்கம் பண்ணியாச்சு. மினோரு ஒருத்தன்தான் பாக்கி.”

“அப்பா வரணும்” என்றேன்.

“அதான் நானும் சொல்றேன். அப்பாதான் கையில ஏந்திட்டு வரணும். பெரிசா செய்யக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு இருக்கு. வீட்டு ஆளுங்க மட்டும் வாங்க, சத்தமில்லாம முடிச்சிடலாம். எப்ப வருவார்னு கேட்டு எழுது.”

முன்னறையில் குடியிருக்கும் தோகி அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவளை உங்களுக்குத் தெரியாது. அவள் கணவர் சீனாவில் இறந்தவர். என்னோடு மில்லில் வேலை செய்கிறாள். “டோக்கியோவுக்கும் தெராசேக்கும் நடுவுல கடலா சாமி இருக்கு? ரயில்தானே?” என்றாள். பிக்கு சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பெட்டி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை. அம்மா திறக்கவே இல்லை. அம்மா போன பிறகு நான் திறந்தேன். அண்ணன் பெயர் எழுதிய ஒரு மரத்துண்டு. அவ்வளவுதான். மறுபடி கட்டி வைத்துவிட்டேன். நான் அழவில்லை. பெட்டிக்கு எடையே இல்லை. கையில் எடுத்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

பனி உருகினால் ஏப்ரலில் மண் இளகிவிடும். எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள்.

இகுயோ

---

டோக்கியோ
பிப்ரவரி 2

இகுயோவுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய மோச்சி அரிசிப் பலகாரமும் கிடைத்தன. மோச்சி வழியில் விரிசல் விட்டுக் கல்லாகிவிட்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர்களின் அடுப்பில் வாட்டி மூன்று நாள் சாப்பிட்டேன். இங்கே சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தண்டையும் விற்கிறார்கள், அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வசந்தத்தில் பொதுத்தேர்தல் வரும் என்பது ஏறக்குறைய உறுதி. நம் மாவட்டத்திலிருந்து நான் நிற்க வேண்டும் என்று சில நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். போர்க்காலத்தில் பத்திரிகையில் எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு குழு விசாரித்துத்தான் அனுமதிக்கிறது. என் தலையங்கங்களை மூட்டையாகக் கட்டி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். நான் பயப்பட வேண்டிய வாக்கியம் எதுவும் அவற்றில் இல்லை என்றே நம்புகிறேன்.

உனக்கு ஐந்து வயதாக இருந்தபோது நான் பல்கலைக்கழகத்தை விட்டேன். இளைய சகபாடி ஒருவரின் புத்தகத்தைத் தடைசெய்து, அவரையும் வெளியேற்றினார்கள். மறுநாளே நான் ராஜினாமா கொடுத்தேன். அதன் பிறகு பத்திரிகை. இருபது வருஷமாக வகுப்பறையிலும் அச்சிலும் ஓட்டு என்றால் என்ன என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது அந்த ஓட்டை நானே கேட்டு நிற்காவிட்டால் சொன்னதெல்லாம் வெறும் சொல்லாகவே போய்விடும். இது ஆசையா கடமையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெளிவாக இல்லை.

மினோருவின் விஷயத்தை மறந்துவிடவில்லை. ஏப்ரலில் எப்படியும் அங்கே வர வேண்டியிருக்கும். அப்போது செய்துவிடலாம்.

பெண்கள் பள்ளியில் உன்னை மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்தாயா? பாதியில் நிறுத்தியவர்களுக்கு இடம் தருவதாகக் கேள்விப்பட்டேன்.

தந்தை

---

தெராசே
பிப்ரவரி 17

அப்பாவுக்கு,

பள்ளிக்குப் போகவில்லை. பதினான்கு வயதில் எங்களை வகுப்போடு மில்லுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் திரும்பிப் போனபோது அம்மா நோயில் படுத்திருந்தாள். இப்போது போனால் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவில் உட்கார வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மில்லில் யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை. இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது.

ஏப்ரலில் எந்தத் தேதி? பிக்கு கேட்கிறார்.

“உங்கப்பா ஜெயிச்சா பார்லிமென்ட்டுல எதைப் பத்திப் பேசுவாரு?” என்று தோகி அக்கா கேட்டாள். தெரியாது என்றேன். “எனக்குத் தெரியும்டி, ஏப்ரலைப் பத்திப் பேசுவாரு” என்றாள். அவள் இப்படித்தான். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இகுயோ

---

டோக்கியோ
மார்ச் 12

இகுயோவுக்கு,

குழு என்னை அனுமதித்துவிட்டது. நான் நிற்கிறேன்.

தேர்தல் வேலைகளைக் கவனிக்க கொபாதா என்பவர் கிடைத்திருக்கிறார். முன்பு மீன் சங்கத்தில் இருந்தவர், மாவட்டத்தில் அவருக்குத் தெரியாத வாசல் இல்லை. மினோருவைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஏப்ரல் 13 ஞாயிற்றுக்கிழமை அடக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். ஓட்டுப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன்பு. அன்று காலை நான் அந்தப் பக்கத்தில்தான் சுற்றுப்பயணத்தில் இருப்பேன். பொது நினைவுக்கூட்டம் நடத்தத் தடை இருக்கிறது. இது குடும்பச் சடங்கு, அதனால் தடையில்லை. ஊர் மக்கள் தாமாகவே வந்தால் அதைத் தடுக்க முடியாது. பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்கக்கூடும்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம் என்றும், வேட்பாளரும் அவர்களில் ஒருவர் என்று தெரிவது பொய்யல்ல, உண்மைதான் என்றும் கொபாதா வாதிடுகிறார். வாதத்தில் பிழை இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கென்று தனி அபிப்பிராயம் இல்லை. நீ பிக்குவிடம் தேதியைச் சொல்லிவிடு. கொபாதா உன்னை வந்து பார்ப்பார்.

தந்தை

---

தெராசே
மார்ச் 23

அப்பாவுக்கு,

கொபாதா ஐயா வந்தார். காலணியைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டார். நான் தேநீர் வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

“பயப்படாத பாப்பா. நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீ பேசாம இருக்கறதுதான் நமக்கு வேணும். கறுப்புக் கிமோனோ போட்டுக்கிட்டு அப்பா பக்கத்துல தலையைக் குனிஞ்சு நில்லு. அப்பா பெட்டியை ஏந்தி நடப்பாரு. அவ்வளவுதான்.”

“கறுப்புக் கிமோனோவை அரிசிக்கு வித்தாச்சு” என்றாள் தோகி அக்கா.

“அதுக்கென்ன, வாடகைக்கு எடுத்துருவோம்.”

“அப்படியே ஒரு பிள்ளையையும் வாடகைக்கு எடுத்துருங்களேன். எங்க மினோருவ எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?”

கொபாதா ஐயா தொடையில் தட்டிச் சிரித்தார். “அக்காவை மேடையில ஏத்துனா எதிர்க்கட்சிக்காரன் ஊரைவிட்டே ஓடிருவான்” என்றார். அவர் போன பிறகு அக்கா சிரிக்கவில்லை. “ஓட்டுக்காகப் பிள்ளையைப் புதைக்கற ஊர் எங்கயும் உண்டாடி?” என்றாள்.

நான் பிக்குவிடம் இன்னும் தேதி சொல்லவில்லை. கொபாதா ஐயா போகிற வழியில் அவரே சொல்லிவிட்டாராம்.

அப்பா, 13ஆம் தேதி எனக்கு வேலை இருக்கிறது. மில்லுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. மாதத்தில் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும்தான் விடுமுறை. வேறொரு நாள் வையுங்கள். தேர்தலுக்கு முன்பு எந்த நாளும் வேண்டாம். தேர்தலுக்குப் பிறகு எந்த நாளானாலும் சரி. நான் இதைவிடத் தெளிவாக எழுதத் தெரியாதவள்.

அதற்குப் பதிலாக உங்களுக்கு வேறொன்று செய்கிறேன். மில்லில் ஓட்டுள்ள பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓட்டுச் சீட்டில் பெயரை அவர்களே கையால் எழுத வேண்டுமே. உங்கள் பெயரின் எழுத்துகளில் கோடுகள் அதிகம், பலருக்குக் கை வராது. சாப்பாட்டு வேளையில் நீராவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டுகிறேன். அரிமுரா தெய்சோ, அரிமுரா தெய்சோ என்று அவர்களும் எழுதுகிறார்கள். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து வழிந்துவிடுகிறது. மறுபடி எழுதுகிறார்கள். நான் பேச வேண்டியதில்லை என்பதால் இது எனக்கு வருகிறது.

இகுயோ

---

(அஞ்சலட்டை)
ஏப்ரல் 5

தேதியை மாற்ற இயலவில்லை. எல்லா ஊர்களுக்கும் நேரம் வகுத்தாகிவிட்டது. மில் மேலாளரிடம் கொபாதா அரைநாள் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். பெட்டியைக் காலை பத்து மணிக்குக் கோயிலுக்குக் கொண்டு வந்தால் போதும்.

பெண்களுக்கு நீ சொல்லிக்கொடுப்பது குறித்து மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல். சீட்டில் பெயரைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. பெயரோடு மரியாதைச் சொல் சேர்ந்தால் குற்றமில்லை. வேறு ஒரு சொல் கூடினாலும் ஓட்டு செல்லாது.

தந்தை

---

நாகவோகா, விடுதி
ஏப்ரல் 14

இகுயோவுக்கு,

நேற்று காலை பத்து மணிக்கு முன்பே கோயிலுக்கு வந்துவிட்டேன். முற்றத்தில் எழுபது, எண்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். சிலர் முதுகில் குழந்தை. எல்லோரும் என்னைக் குனிந்து வணங்கினார்கள். பிக்கு தேநீர் கொடுத்தார். பத்தே முக்கால் வரை காத்திருந்தோம்.

கொபாதா உன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். முன்னறையில் இருக்கும் பெண்மணி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாராம். நீ வழக்கம்போல் விடியற்காலையில் மில்லுக்குப் போய்விட்டாய் என்றும், அலமாரி காலியாக இருக்கிறது என்றும், வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் படுத்தபடியே சொன்னாராம்.

நான் எதுவும் ஏந்தாமல் நின்றுகொண்டிருந்தேன். பத்திரிகைக்காரர் படக்கருவியை மடித்துவிட்டார். அத்தனை பேர் காத்திருக்கும்போது எதுவும் சொல்லாமல் போவது முறையாகத் தோன்றவில்லை. எனவே பேசினேன். நிலச் சீர்திருத்தம் பற்றி இருபது நிமிடம். கைதட்டினார்கள்.

நீ செய்தது என்னவென்று நீ அறிந்திருக்கிறாயா என்று தெரியவில்லை. கோபத்தில் எழுதவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுது.

தந்தை

---

தெராசே
ஏப்ரல் 16

அப்பாவுக்கு,

பெட்டி என்னோடு மில்லில் இருந்தது. சாப்பாட்டு மூட்டைபோல் பூத்துணியில் கட்டி எடுத்துப் போனேன். வாசலில் மேற்பார்வையாளர், “என்னம்மா இது, இன்னிக்கு இவ்வளவு பெரிய சாப்பாடு?” என்று கேட்டார். “ரெண்டு பேருக்கு” என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அரைநாள் அனுமதி இருக்கிறதே என்றார். வேண்டாம் என்றேன்.

தொட்டிக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அங்கே கதகதப்பாக இருக்கும். நான் எதையும் யோசிக்கவில்லை. அன்று என் நூல் ஒருமுறைகூட அறவில்லை.

இப்போது பெட்டி பழைய இடத்தில் இருக்கிறது.

கோயிலிலிருந்து மில்லுக்குப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம். புகைபோக்கி முற்றத்திலிருந்தே தெரியும். மதியச் சங்கு ஊதியபோது வாசல் பக்கம் பார்த்தேன்.

இகுயோ

---

டோக்கியோ
ஏப்ரல் 29

இகுயோவுக்கு,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். மாவட்டத்துக்கு உரிய இடங்களில் கடைசி இடத்தைப் பிடித்து ஜெயித்தவருக்கும் எனக்கும் இடையே நூறு ஓட்டுகூட வித்தியாசம் இல்லை.

வாக்கு எண்ணும்போது தெராசே மேசையில் கொபாதா பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அங்கே என் பெயர் எழுதிய சீட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. அவை செல்லுபடியாகியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். பெயர் எல்லாவற்றிலும் பிழையின்றி இருந்ததாம், நீ கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. ஆனால் பெயருக்குக் கீழே ஒரு வரி. சிலவற்றில் இரண்டு வரி. கொபாதா ஒன்றைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: ‘வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திரும்பிப் பார்க்காமல் முன்னே செல்லுங்கள்.’ ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் இதே சொற்கள். எண்ணும் குமாஸ்தா முதல் சிலவற்றை வாசித்தபோது மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்களாம்.

நூறு பெண்களுக்குத் தனித்தனியாக ஒரே வாக்கியம் தோன்றாது, யாரோ ஒருவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்கிறார் கொபாதா. பெயரைக் கற்றுக்கொடுத்தவள் நீ. திரும்பிப் பார்க்காமல் போ என்ற பரிகாசத்தை, 13ஆம் தேதிக்குப் பிறகு, என்னிடம் சொல்லக் காரணம் உள்ளவளும் நீ. அவர் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. தேர்தல் சட்டத்தைப் பற்றிப் பாடநூல் எழுதியவன் இந்த வகையில் தோற்றதை டோக்கியோ நண்பர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்வேன். உன்னிடம் கேட்காமல் முடிவுக்கு வர விரும்பவில்லை.

நீ சொல்லிக்கொடுத்தாயா?

தந்தை

---

தெராசே
மே 2

அப்பாவுக்கு,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அது உங்கள் வாக்கியம்.

உங்கள் பத்திரிகையில் பெண்களுக்கான வீட்டுப் பக்கத்தில் வந்தது. போர்முனைக்கு அனுப்பும் பைக்குள் வைக்க ஒரு மாதிரிக் கடிதம், கட்டம் கட்டி. ‘இங்கே எல்லோரும் நலம். வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திரும்பிப் பார்க்காமல் முன்னே செல்லுங்கள்.’ பள்ளியில் அதை வெட்டிப் பலகையில் ஒட்டினார்கள். மாதாமாதம் பார்த்து எழுதினோம். சோப்பு, கைக்குட்டை, உலர்ந்த கணவாய் மீன், அதன் மேல் அந்தக் கடிதம். மில்லுக்கு வந்தபோது மில்லிலும் அதே. பெண்கள் சங்கத்திலும் அதே. தெராசேயில் அதை மனப்பாடமாகத் தெரியாத பெண் இல்லை. பெரும்பாலான அக்காக்கள் வாழ்க்கையில் அதைத் தவிர வேறு கடிதமே எழுதியதில்லை.

நீங்கள் எழுதியது என்று அண்ணன்தான் சொன்னான். கப்பலேறும் முன் லீவில் வந்திருந்தபோது. அம்மா முள்ளங்கி ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எங்க பாசறைக்கு வர்ற எல்லாப் பையிலயும் அப்பாதான் இருக்காரு. டோக்கியோவுல அவர் அதை எழுதினப்ப நான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன்மா. கறி ஆறிப்போச்சுன்னு திட்டிக்கிட்டே எழுதினாரு” என்றான். “பெத்த பிள்ளைக்கு ஒரு அட்டை போடாத மனுஷன், ஒரே நாள்ல வந்த ஏழு பையில ஏழு லெட்டர் போட்டிருக்காரு” என்று சொல்லிச் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் கடிதத்தைத் தோகி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் எழுதியிருக்கிறாள்.

“பேர் மட்டும்னு சொன்னேனேக்கா” என்றேன்.

“சொன்ன. நீ சொல்றது உனக்கே கேக்காதே, எங்களுக்கு எங்க கேக்கும்?” என்றாள். பிறகு, “கேக்காம இல்லடி. கேட்டுச்சு. மறைப்புக்குப் பின்னால போயி பேரை எழுதிட்டுப் பாத்தேன். வெறும் பேரு. பெட்டியில வர்ற பேரு மாதிரி இருந்துச்சு. என் வீட்டுக்காரரையும் அப்படித்தானே அனுப்பினாங்க. உசுரோட இருக்கற மனுஷன் பேரை அப்படி மொட்டையா எழுதி மடிச்சுப் போட கை வரல” என்றாள்.

“அதுக்கு இதையா எழுதறது?”

“எனக்கு வேற என்னடி எழுதத் தெரியும்?”

மற்றவர்களும் அப்படித்தான். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. அன்று கோயிலில் நீங்கள் எதுவும் ஏந்தாமல் நின்றதைப் பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள் அவர்கள். பாவம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். பரிகாசம் இல்லை. செல்லாது என்று நான் சொன்னதும் தொட்டி வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொபாதா ஐயாவிடம் இதைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் சரி.

இகுயோ

---

டோக்கியோ
மே 6

இகுயோவுக்கு,

உன் கடிதத்தில் அந்த வாக்கியத்தைப் படித்த பிறகும் நினைவுக்கு வரவில்லை. கறி ஆறிப்போனது என்ற இடத்தில் வந்தது.

பத்திரிகையில் வீட்டுப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அன்று விடுப்பு. அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கையெழுத்து இல்லாத துணுக்கு. குழுவுக்குக் கொடுத்த மூட்டையில் அது இல்லை. மறைக்கவில்லை. நான் எழுதியவற்றில் ஒன்றாக அதை எண்ணியதே இல்லை.

என் நூல்களில் ஒரு பத்தியை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் சந்தித்ததில்லை.

மினோரு சிரித்தானா? உண்மையாகவே சிரித்தானா, அல்லது உங்களுக்காகவா? நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொபாதா வேறு ஒருவரிடம் வேலைக்குப் போய்விட்டார். ஒரு கல்லூரியில் வாரம் இருமுறை விரிவுரைக்குக் கேட்கிறார்கள். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பகலில் அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வரலாமா? எந்தத் தேதி என்று நீ சொல்.

தந்தை

---

தெராசே
மே 9

அப்பாவுக்கு,

பதினைந்தாம் தேதி வாருங்கள். மில் விடுமுறை. அன்று வியாழன், மற்றவர்கள் எல்லோரும் வயலில் இருப்பார்கள், நாற்று நடும் நேரம். கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள். பிக்குவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

அண்ணன் உண்மையாகவே சிரித்தான். ஊறுகாய் புரையேறி அம்மா முதுகில் தட்டினாள்.

இரவு ரயிலில் வந்தால் காலையில் இறங்கலாம். அரிசி கொண்டுவரத் தேவையில்லை, இங்கே இருக்கிறது. திரும்பும்போது எடுத்துப் போகாதீர்கள், ரயிலில் போலீஸ் பிடுங்கிக்கொள்கிறது. தோகி அக்கா உங்களைப் பார்த்தால் ஏதாவது சொல்லுவாள். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் உங்களுக்காகக் கணவாய் மீன் வாங்கி வைத்திருக்கிறாள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ரயிலடிக்கு நான் வருகிறேன். பெட்டியையும் அங்கேயே கொண்டு வருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலடியிலிருந்து நடந்தே போகலாம், பாலம் வழியாக.

நல்ல உடை வேண்டாம். பழைய காலணி போட்டுக்கொண்டு வாருங்கள். முன்பு குழி தோண்டிக் கொடுத்தவர் போருக்குப் போய்த் திரும்பவில்லை, அந்த வேலைக்கு இப்போது ஆள் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே தேவதாரு வேர் ஓடுகிறது, கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். மண்வெட்டி ஒன்றுதான் கிடைத்தது. நீங்கள் முதலில் தோண்டுங்கள். கை நோகும்போது என்னிடம் கொடுங்கள்.

இகுயோ